பேண்டு கச்சேரி சீசன்: எல்லாரும் கேக்கற கேள்விகளும் நம்ம பதிலும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், அந்தப்பக்கம் பொள்ளாச்சி வரைக்கும் இருக்கற தமிழ்க்காரங்களும் கொஞ்சம் மலையாளத்துக்காரங்களும் சேந்து ஊதற பேண்டுங்க இது. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆவணில ஆரம்பிச்சு மாசி வரைக்கும் அஞ்சு கச்சேரி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தீம். வாட்ஸ்அப்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வர்றதால பதில எல்லாம் இங்க ஒரே எடத்துல போட்டுட்டேன், இனிமே யாராச்சும் கேட்டா இதையே அனுப்பி விடுவோம், கோவிச்சுக்காதீங்க.

பேண்டுன்னா கல்யாண ஊர்வலத்துக்கு வர்ற பேண்டு செட்டா?

வாத்தியம் பாதி அதேதான். கிளாரினெட், ட்ரம்பெட், சாக்ஸ், ட்ராம்போன், யூஃபோனியம், பேஸ் ட்ரம், சைடு ட்ரம். கூட புல்லாங்குழல் வகைல ஃப்ளூட், பிக்கோலோ, அப்புறம் பிரெஞ்சு ஹார்ன், டியூபா. எங்காளுங்கள்ல பல பேரு சர்ச் பெருநாளுக்கும் கோயில் திருவிழாவுக்கும் பேண்டு செட்ல ஊதறவங்கதான், அதுல ஒண்ணும் கேவலம் இல்ல, ரெண்டு மணி நேரம் நடந்துக்கிட்டே ஊதற தம்மு உக்காந்து ஊதறவங்களுக்கு கிடையாது.

வித்தியாசம் என்னன்னா ஊர்வலத்துல எல்லாருமே மெட்ட ஊதுவாங்க, ஏன்னா ரோட்டுல, வெடிச் சத்தத்துக்கு நடுவுல மெட்டு மட்டும்தான் காதுக்கு எட்டும். கச்சேரில உக்காந்து ஊதறோம், அப்ப மெட்டு ஒரு பக்கம் போகும், ரெண்டாவது கிளாரினெட்டும் ஹார்னும் நடுவுல வேற ஒண்ணு ஊதுவாங்க, டியூபா கீழ இருந்து தாங்கும். அந்த நடு பார்ட்ட நீங்க கேக்கணும்ங்கறதுக்குத்தான் இத்தன பாடும்.

அஞ்சு கச்சேரியும் என்னென்ன?

ஆவணில ஓணம் முடிஞ்ச கையோட மார்ச் கச்சேரி, அதாவது நடைக்கு ஊதற மார்ச், மாசத்தச் சொல்லல. ஐப்பசில தீபாவளிய ஒட்டி நோட்டு கச்சேரி, இதப்பத்தி கீழ நெறைய எழுதியிருக்கேன். மார்கழில கிறிஸ்மஸ் கச்சேரி. தைப் பொங்கல் கழிஞ்சு சினிமா கச்சேரி, இதுக்குத்தான் கூட்டம் வரும், எங்களுக்கும் தெரியும், மத்த நாலுக்கும் வாங்கன்னு கெஞ்சறதும் அதனாலதான். மாசில வெடிக்கெட்டு கச்சேரி, வெடிக்கெட்டுன்னா வாணவேடிக்கை. தேதி ஒவ்வொண்ணுக்கும் மூணு வாரம் முன்னாடி குரூப்ல வரும், இப்பவே கேக்காதீங்க, ஹால்காரங்க சொல்றது மாறிக்கிட்டே இருக்கு.

தீம யாரு முடிவு பண்றது? நான் ஒண்ணு சொன்னா போடுவீங்களா?

சொல்லுங்க, ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. தீம்ங்கறது போஸ்டர்ல பேரு போடறதுக்காக இல்ல. எந்த செக்‌ஷன் எதக் கத்துக்கணும்னு மொதல்ல பாக்கறோம், அதுக்கு ஏத்த பாட்ட எடுக்கறோம், கடைசியாத்தான் பேரு. மார்ச் ஏன் மொதல்ல வருதுன்னா லீவுக்கு அப்புறம் எல்லாருக்கும் தாளம் விட்டுப்போயிருக்கும், மார்ச் ஊதினா ஒரே மாசத்துல ஒண்ணு சேந்துருவாங்க. நோட்டு கச்சேரி கிளாரினெட்டுக்கும் ஃப்ளூட்டுக்கும் விரல் ஓட்டம் வரணும்னு. கிறிஸ்மஸ் பாட்டு பூரா நீளநீளமா இழுக்கற ஸ்வரம், அதுல சுருதி விலகுனா ஒளிய எடமே இல்ல, ட்ரம்பெட், ட்ராம்போன் மாதிரி பித்தளை வாத்தியக்காரங்களுக்கு அதுதான் பரீட்சை. சினிமா எல்லாருக்கும் சந்தோஷத்துக்கு. கடைசி கச்சேரில எல்லாமே சேந்து வரும்.

போன சீசன்ல ஒருத்தர் ‘மழை’ தீம் வைங்கன்னாரு, நல்ல யோசனைதான், ஆனா ஹார்ன் ஊதறதுக்கு அப்ப ஒரே ஆளுதான், யோசனை சொன்னவரு எடுத்த பாட்டுக்கு நாலு ஹார்ன் வேணும். ஆள் சேந்தா போடுவோம்.

மார்ச் கச்சேரின்னா மிலிட்டரி பாட்டா? போரடிக்காதா?

எங்க மாஸ்டர் வெல்லிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் பேண்டுல இருந்து ரிட்டயர் ஆனவரு, பச்மடி மிலிட்டரி மியூசிக் விங்ல படிச்சவரு. அவருகிட்ட போய் இந்தக் கேள்வியக் கேளுங்க பாக்கலாம்.

போரடிக்காதுங்க. அமெரிக்காவுல ஜான் பிலிப் சூசான்னு ஒருத்தரு, 1880ல இருந்து 1892 வரைக்கும் அங்க மரைன் படை பேண்டுக்கு தலைவரா இருந்தவரு, அவரு 1896ல எழுதின ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்’ல கடைசில பிக்கோலோ தனியா மேல ஏறி கிச்சுகிச்சு மூட்டற எடம் ஒண்ணு வரும், அத எங்க பிளஸ் டூ படிக்கற பாப்பா ஊதுது. பேண்டுல பாம்பு சுத்தின மாதிரி தோள்ல மாட்டிக்கற சூசாபோனும் அவரு பேர வச்சதுதான். அப்புறம் 1914ல வந்த ‘கர்னல் போகி’, க்வாய் நதிப் பாலம் படத்துல சோல்ஜருங்க விசிலடிச்சுக்கிட்டே நடப்பாங்களே, அது. கடைசில ‘ஸாரே ஜஹான் ஸே அச்சா’, டெல்லில ஜனவரி 29 குடியரசு தின விழாவ முடிச்சு வைக்கற பீட்டிங் ரிட்ரீட்ல படை திரும்பும்போது ஊதறது. எல்லாமே நீங்க டிவில கேட்டதுதான், எதிர்ல உக்காந்து கேட்டிருக்க மாட்டீங்க.

நோட்டு கச்சேரின்னு போட்டிருக்கீங்களே, அது என்ன?

இது எனக்குப் பிடிச்ச கச்சேரி, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், அவசரம்னா அடுத்த கேள்விக்குப் போயிருங்க.

முத்துசுவாமி தீட்சிதர் சின்ன வயசுல குடும்பத்தோட சென்னைக்குப் பக்கத்துல மணலில இருந்தாரு, அங்க முத்துகிருஷ்ண முதலியார்னு ஒரு பெரிய மனுஷன் ஆதரிச்சாரு. அந்தத் தொடர்புல செயின்ட் ஜார்ஜ் கோட்டைல கம்பெனிக்காரன் பேண்டு ஊதறத இவங்க கேட்டிருக்காங்க. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கதான் வயலின் புடிச்சது, இன்னைக்கு வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியே இல்லைங்கறதுக்கு அது ஒரு ஆரம்பம். அண்ணன் என்ன பண்ணாருன்னா அந்த பேண்டு மெட்டுக்கே சமஸ்கிருதத்துல சாமி பாட்டு எழுதி வச்சுட்டாரு. எல்லாம் சங்கராபரண ராகம், நாப்பதுக்கு அக்கம்பக்கம் இருக்கு. அதத்தான் நோட்டுஸ்வரம்ங்கறோம். இங்கிலீஷ்காரன் ராஜாவுக்கு எந்திரிச்சு நின்னு பாடற ‘காட் சேவ் தி கிங்’ மெட்டுல ‘ஸந்ததம் பாஹிமாம்’. ஐரிஷ்காரன் குதிச்சு ஆடற ‘ரேக்ஸ் ஆஃப் மல்லோ’ மெட்டுல ‘வந்தே மீனாக்ஷி’. பாட்டு கத்துக்கற சின்னப் பிள்ளைங்களுக்கு இப்பவும் இத சொல்லித் தர்றாங்க.

இப்ப யோசிங்க, பேண்டுல இருந்து போன மெட்டு, எரநூறு வருஷம் வீட்டுக் கூடத்துல தம்பூராவோட பாடினது, அத நாங்க திரும்ப பேண்டுக்கே கொண்டுவர்றோம். அதுவும் ஸ்வரத்த அசைச்சு வளைக்கற கமகம் கிடையாது, நேர் ஸ்வரம், ட்ரம்பெட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், ஏன்னா ட்ரம்பெட்ல மூணே பட்டன், ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிட்டுப் போறது கஷ்டம். ட்ராம்போன்காரங்க வழுக்கலாம், அவங்களுக்குத்தான் இழுக்கற குழாய் இருக்கே, ஆனா இந்தக் கச்சேரில வழுக்கக்கூடாதுன்னு மாஸ்டர் கண்டிஷன்.

இதோட ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போட்டு மதுரை மணி ஐயர் பாடிப் பாடி ஊரெல்லாம் பரப்பின இங்கிலீஷ் நோட்டும் இருக்கு. மணி ஐயர் கச்சேரில ‘நோட்டு, நோட்டு’ன்னு ஜனங்க கேட்டு வாங்குவாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. எங்க கச்சேரிலயும் கேக்கலாம், ரெண்டு தடவ ஊதறதுக்கு ரெடியாத்தான் வருவோம். நடுவுல ஒருத்தர் ரெண்டு நிமிஷம் தஞ்சாவூர் ரெண்டாம் சரபோஜி கதைய சொல்லுவாரு, 1798ல இருந்து 1832 வரைக்கும் ஆண்டவரு, அரண்மனைக்குள்ளயே வெள்ளக்காரன் வாத்தியம் வச்சு பேண்டு நடத்தினாரு. ரெண்டு நிமிஷம்னு சொன்னேன், அவருகிட்ட மைக் போனா பத்து ஆகும், சகிச்சுக்கோங்க.

தீபாவளிய ஒட்டி ஏன்னா தீட்சிதர் 1835ல தீபாவளி அன்னைக்குத்தான் எட்டயபுரத்துல காலமானாரு.

கர்நாடக சங்கீதத்த மேல்நாட்டு வாத்தியத்துல ஊதறது சரியா? எங்க தாத்தாவுக்குப் பிடிக்காது.

தாத்தாவக் கூட்டிட்டு வாங்க. ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்ல ராகம் வாசிச்சு கேட்ட தலைமுறைதான அவங்க? கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸ கேட்டு மனச பறிகுடுத்துத்தான் அந்த வாத்தியத்தையே எடுத்தாரு, 1994ல ‘டூயட்’ படத்துல வந்த சாக்ஸ் அவருதுதான். நாங்க அந்த அளவுக்கெல்லாம் இல்ல. ஆலாபனை பண்ண மாட்டோம், எழுதி வச்சதத்தான் ஊதுவோம்.

நாதஸ்வரத்த ஏன் சேக்கல?

சேக்கறோம், நோட்டு கச்சேரில ஒரு பாட்டுக்கு. ஆனா அது லேசு இல்ல. நம்மூர்ல நாதஸ்வரம் பெரும்பாலும் 2, 2½ கட்டை, கட்டைங்கறது சுருதியோட அளவு. பேண்டு கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் பி ஃபிளாட் வாத்தியம், அதாவது அவங்க ‘ஸி’ன்னு விரல் வச்சா வெளிய வர்றது 6½ கட்டை. ஆல்டோ சாக்ஸ் ஈ ஃபிளாட், அவங்க ‘ஸி’ வச்சா வர்றது நேரா 2½ கட்டை. அதனால நாதஸ்வரத்தோட மொதல்ல கை கோக்கறது எங்க ஆல்டோ சாக்ஸ்தான், கிளாரினெட் ‘எஃப்’ல இருந்து வரணும். கணக்கு இப்படி, ஆனா நெஜத்துல நாதஸ்வரக்காரர் வாயில வச்சு ஊதற சீவாளிய மாத்தினா சுருதி கொஞ்சம் மாறும், உதட்ட அழுத்தினாலும் மாறும், பேண்டு அவரு பின்னால ஓடணும். ரிகர்சல்ல மாஸ்டர் கைய ஆட்டறத நிறுத்திட்டு ‘அவரப் பாத்து ஊதுங்க, என்னப் பாக்காதீங்க’ன்னு சொல்லிட்டாரு, அப்புறம்தான் ஒட்டுச்சு.

தவில் வேணாம்னு நாங்களே விட்டோம். எங்க பேஸ் ட்ரம்மும் தவிலும் ஒரே மேடைல இருந்தா ஃப்ளூட் ஊதறவங்க வீட்டுக்குப் போயிரலாம்.

மேடை ஏன் ஒவ்வொரு தடவையும் வேற பக்கம் போடறீங்க? போன தடவ கெழக்க பாத்து உக்காந்தோம், இந்தத் தடவ மேற்க.

ஆஹா, இதக் கவனிச்சீங்களா, கேட்டதுக்கு நன்றி. எல்லாம் நம்ம பாலக்காட்டுக் கணவாய் பண்ற வேலை. மலைல முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஓட்டை, அதுல தென்மேற்கு பருவம் முடியற வரைக்கும் காத்து மேற்க இருந்து கெழக்க அடிக்கும், ஆடில பொள்ளாச்சி தென்னையெல்லாம் சாயறது இதுலதான். கார்த்திகை பொறந்தா திரும்பிரும், கெழக்க இருந்து மேற்க. மலையாளத்துக்காரங்க விருச்சிகக் காத்துன்னு சொல்லுவாங்களே, அதுதான், தை முடியற வரைக்கும் விடாது.

தெறந்தவெளில காத்து அடிக்கற பக்கமா சத்தம் நல்லாப் போகும், காத்துக்கு எதிர்ப்பக்கம் போனா சத்தம் மேல வளஞ்சு போய் தரைல இருக்கறவங்களுக்கு எட்டாது. அதனால ஆவணில மேடை மேற்கால, ஜனம் கெழக்கால. மார்கழில அப்படியே மாத்து. ட்ரம்பெட் எந்தப் பக்கம் போட்டாலும் கேக்கும், ஃப்ளூட்டும் கிளாரினெட்டோட கீழ் ஸ்வரமும்தான் காத்துல போயிரும்.

இன்னொரு தொல்லை நோட்ஸ் பேப்பர். ஸ்டேண்டுக்கு மேல ரெண்டு, கீழ ரெண்டு துணி கிளிப், மரக் கிளிப்புதான், பிளாஸ்டிக் கிளிப் அந்தக் காத்துக்கு வாயத் தெறந்துரும். பக்கம் திருப்பணும்னா ஒரு கைல கிளிப்ப எடுக்கணும், திருப்பணும், திரும்ப மாட்டணும், இதுக்குள்ள பாட்டு எட்டு பார், அதாவது எட்டு தாளக் கட்டம், தாண்டிப் போயிரும். அதனால மூணு பேப்பர ஒட்டி அட்டைல அகலமா விரிச்சு வச்சிருப்பாங்க, திருப்பவே வேண்டாம். சிலபேரு கண்ணாடி ஷீட் வச்சு மூடறாங்க, லைட் அடிச்சா பளபளன்னு ஒண்ணும் தெரியாது. டேப்லெட் வச்சுப் படிக்கறவங்க இப்ப நாலஞ்சு பேர் ஆயாச்சு, மாஸ்டர் அவங்களப் பாத்து ஒண்ணும் சொல்றதில்ல, முகத்தச் சுளிக்கறதோட சரி.

கச்சேரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ‘பூம்’னு எல்லாரும் ஒரே ஸ்வரத்த ஊதிட்டு இருக்கீங்களே, எதுக்கு?

சுருதி சேக்கறது. பி ஃபிளாட்ட ஒருத்தர் ஊதுவாரு, மத்தவங்க அதோட ஒட்டணும். நம்மூர் வெயில்ல இது ரொம்ப முக்கியம். வெக்கை 1 டிகிரி ஏறினா காத்துல சத்தத்தோட வேகம் செகண்டுக்கு 0.6 மீட்டர் கூடும், அதனால ஊதற வாத்தியமெல்லாம் சுருதி மேல ஏறும். மாசி சாயங்காலம் வாத்தியப் பெட்டிய கார் டிக்கில வச்சிருந்து எடுத்தவரு வாத்தியமும், மரத்தடில வச்சிருந்தவரு வாத்தியமும் வேற வேற ஊர்ல இருக்கும். பித்தளைக்காரங்க குழாய இழுத்து நீட்டுவாங்க, கிளாரினெட்காரங்க மவுத்பீஸுக்குக் கீழ இருக்கற துண்ட கொஞ்சம் வெளிய இழுப்பாங்க. நீளம் கூடினா சுருதி இறங்கும். நாங்க கீபோர்டு சேக்காததுக்கும் காரணம் இதுதான், கீபோர்டு எந்த வெயிலுக்கும் அசையாது, நாங்க முப்பது பேரும் அதுக்கு அடிமையா ஆயிருவோம்.

டிக்கெட் உண்டா? சினிமா கச்சேரிக்காவது வாங்கலாமே, செலவுக்கு ஆகும்.

இல்லைங்க, எதுக்கும் கிடையாது. ஆசைப்பட்டாலும் வாங்காததுக்குக் காரணம் இருக்கு. 1957 காப்புரிமைச் சட்டத்துல 52வது பிரிவுல, காசு வாங்காம உக்கார வச்ச ஜனத்துக்கு முன்னாடி அமெச்சூர் குழு வாசிச்சா அது மீறல் இல்லைன்னு இருக்கு. டிக்கெட் போட்ட அன்னைக்கே அந்தக் குடை போயிரும், லைசன்ஸ் வாங்கணும். இதுவும் வாசிக்கறதுக்கு மட்டும்தான், ஒரு சினிமாப் பாட்ட பேண்டுக்குன்னு மாத்தி எழுதறது தனி விஷயம், அதுக்கு அனுமதி கேட்டுத்தான் எழுதறோம், கிடைக்காத பாட்ட விட்டுர்றோம். நீங்க கேக்கற அந்த ஒரு பாட்டு இன்னும் ஏன் வரலைன்னா இதனாலதான். இங்க ஒருத்தர் எழுதின பாட்டு அவரு காலமாகி 60 வருஷம் வரைக்கும் காப்புரிமைல இருக்கும், சூசா 1932ல போயிட்டாரு, தீட்சிதருக்கு அந்தக் கவலையே இல்ல.

வாசல்ல ஒரு டப்பா இருக்கும். மனசு இருந்தா போடுங்க. ரீடும் வால்வு எண்ணெயும் அதுலதான் வாங்கறோம்.

வெடிக்கெட்டு கச்சேரின்னா வெடி உண்டா?

கிடையாது, கிடையாது, கிடையாது. 2016ல கொல்லம் பக்கம் பரவூர் புற்றிங்கல் கோயில்ல நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. பொட்டாசு நாங்க தொடவே மாட்டோம். வாத்தியத்துல மட்டும்தான்.

கதை என்னன்னா 1749ல லண்டன்ல ஒரு சண்டை முடிஞ்ச சந்தோஷத்துக்கு கிரீன் பார்க்ல ராஜா வெடிக்கெட்டு வச்சாரு, அதுக்கு ஹாண்டல் பாட்டு எழுதினாரு. ராஜாவுக்கு பிடிலே வேணாம், ஊதற வாத்தியமும் மொரசும் மட்டும் போதும்னு ஆசை. அதனால ஓபோங்கற ஊதுகுழல் மட்டும் 24, பஸூன்ங்கற அடிக்குரல் குழல் 12, ட்ரம்பெட் 9, ஹார்ன் 9. இவ்வளவு பண்ணி அன்னைக்கு வெடிக்கெட்டுல பாதி நமுத்துப் போச்சு, ஜோடிச்சு வச்சிருந்த மண்டபத்துல ஒரு பக்கம் தீப்புடிச்சிருச்சு. பாட்டு மட்டும் நின்னுச்சு.

நென்மாறை வல்லங்கி வேலைன்னு சொல்ற கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போய் எந்த ஊர்க்காரங்க வெடி ஒசத்தின்னு அடிச்சுக்கற ஊரு நம்முது, அதனால இந்தக் கதைய இங்க விளக்கவே வேண்டியதில்ல. எங்ககிட்ட ஓபோ இல்ல, அதுக்கு சாக்ஸும் கிளாரினெட்டும். இந்தக் கச்சேரியோட ரெண்டாவது பாதில கொம்பும் குழலும் ஊதற மலையாளக் குழு ஒண்ணு எங்களோட உக்காருது. கொம்பு வளஞ்ச பித்தளை, வால்வே கிடையாது, உதட்டாலயே ரெண்டு மூணு ஸ்வரம் எடுப்பாங்க, பாரம்பரியமா அதுக்கு மெட்டு வேலையே இல்ல, தாள வேலைதான். எங்க ஹார்ன்காரரு அவங்க பக்கத்துல போய் உக்காந்து உதட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு, ரிகர்சல் முடிஞ்சும் எந்திரிக்கல.

மைக் வைப்பீங்களா? ராத்திரி எத்தன மணி வரைக்கும்?

அறிவிப்புக்கு மட்டும் ஒரு மைக். வாத்தியத்துக்கு இல்ல. ஆறரைக்கு ஆரம்பிச்சு எட்டரைக்குள்ள முடிஞ்சிரும். சத்த விதிப்படி ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் ஸ்பீக்கர் கூடாதுங்கறது ஒண்ணு, கடைசி பஸ்ஸு இன்னொண்ணு.

அறிவிப்பு தமிழ்லயா மலையாளத்துலயா?

ரெண்டும். தமிழ்ல சொல்றவரு நீளமா சொல்லுவாரு, மலையாளத்துல சொல்ற சேச்சி நறுக்குன்னு முடிச்சிருவாங்க. நோட்டீஸ் ரெண்டு எழுத்துலயும் இருக்கும்.

கிறிஸ்மஸ் கச்சேரி சர்ச்சுக்காரங்களுக்கு மட்டுமா?

எல்லாருக்கும். மேடை சர்ச் மைதானத்துல, அவ்வளவுதான். கரோல் எல்லாம் இருக்கும், 1818ல ஆஸ்திரியால ஒரு சின்ன கிராமத்துல மொத தடவ பாடின ‘சைலன்ட் நைட்’ பித்தளை மட்டும் ஊதுது. கடைசில ‘என்னோடிரும் மா நேச கர்த்தரே’. 2022க்கு முன்னாடி வரைக்கும் பீட்டிங் ரிட்ரீட்ல வருஷா வருஷம் ஊதின ‘அபைட் வித் மீ’ இதுதான். அது கிறிஸ்மஸ் பாட்டே இல்ல, சாவு வீட்டுல பாடறதுன்னு போன தடவ ஒரு பாட்டி சண்டைக்கு வந்தாங்க, பாடி முடிச்சதும் அவங்களேதான் மொதல்ல கை தட்டினாங்க.

எப்ப கை தட்டணும்? தப்பா தட்டிட்டா?

எப்ப வேணா தட்டுங்க. மாஸ்டர் கைய எறக்கினா பாட்டு முடிஞ்சுச்சுன்னு அர்த்தம், எறக்காம நின்னா இன்னும் பாக்கி இருக்குன்னு அர்த்தம். மார்ச்சுக்கு தாளத்தோட தட்டினா எங்களுக்கு சந்தோஷம், ஆனா நீங்க தட்டற தாளம் மெல்ல மெல்ல வேகமாகும், சைடு ட்ரம்காரர் பாவம்.

சின்னக் குழந்தைங்கள கூட்டிட்டு வரலாமா?

வாங்க. பேஸ் ட்ரம் பக்கமா மட்டும் உக்காராதீங்க. இடைவேளைல பிள்ளைங்க மேடைக்கு வந்து டியூபாவ தொட்டுப் பாக்கலாம், ஊத விடமாட்டோம், எச்சி.

நானும் சேரணும். என்ன தெரிஞ்சிருக்கணும்?

ஒண்ணும் தெரிய வேண்டாம், ஞாயித்துக்கிழமை வரணும். நோட்ஸ் படிக்கத் தெரியாதவங்க பாதிப்பேரு வந்தாங்க, காதால ஊதறவங்க, அவங்களுக்கு நோட்ஸ் மெல்ல வரும், நோட்ஸ் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு காது வர்றதுதான் நாளாகுது. பொண்ணுங்க சேரலாமான்னு யாரோ கேட்டிருந்தீங்க, ஃப்ளூட் வரிசை முழுக்க பொண்ணுங்கதான், யூஃபோனியமும் ஒரு அக்கா.

சின்னப் பிள்ளைங்களுக்கு மேல முன்பல்லு பால்பல்லு விழுந்து நிரந்தரப் பல்லு நல்லா மொளச்சிருக்கணும், அதுக்கு முன்னாடி ட்ரம்ல போடுவோம். பல்லுக்கு கம்பி போட்டிருந்தா ட்ரம்பெட் உதட்ட அறுக்கும், அதுக்கு மெழுகு இருக்கு, பல் டாக்டர்கிட்ட கேளுங்க, இல்லைன்னா பெரிய மவுத்பீஸ் இருக்கற யூஃபோனியத்துக்கு மாறிக்கலாம்.

ஊதினா குடல் எறங்கும், நெஞ்சு வலிக்கும்னு வீட்டுல பயமுறுத்துவாங்க. குடலிறக்கம் ஏற்கெனவே இருக்கறவங்க, ஆபரேஷன் ஆனவங்க, கண்ணுல பிரஷர் இருக்கறவங்க கண்டிப்பா டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க, ட்ரம்பெட்டு ஓபோ மாதிரி அழுத்தி ஊதறதுல ஊதற நேரத்துக்கு கண் அழுத்தம் ஏறும். மத்தவங்களுக்கு மொத மாசம் தலை சுத்தும், அது மூச்சு கணக்கு தெரியாததால, சரியாயிரும்.

வாத்தியம் குடுப்பீங்களா, வாங்கணுமா?

மொத வருஷத்துக்கு பேண்டு வாத்தியம் தருவோம், மவுத்பீஸும் ரீடும் நீங்க. வாங்கறதுன்னா அவசரப்படாதீங்க. நாட்டுல பேண்டு வாத்தியம் பெரும்பாலும் உத்தரப்பிரதேசம் மீரட்டுல ஜலி கோத்தின்னு ஒரு தெருவுல செய்யறதுதான், வெள்ளக்காரன் காலத்துல இருந்து. ஊர்வலத்துக்கு அது தாராளமா போதும், விழுந்தாலும் தட்டி நிமித்திக்கலாம். உக்காந்து சுருதி பாத்து ஊதறதுக்கு பழைய யமஹா ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா அது நல்லது. எதுவா இருந்தாலும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி எங்காளு ஒருத்தர கூட்டிட்டுப் போங்க, வால்வு உள்ள தேஞ்சிருக்கறது வெளிய பாலிஷ் போட்டா தெரியாது.

எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வருவீங்களா?

பேண்டா வரமாட்டோம். எங்கள்ல பேண்டு செட்ல ஊதறவங்களுக்கு அது பொழப்பு, அதுல நாங்க ஓசில போய் கை வைக்கறது நியாயமில்ல. அவங்க நம்பர் வேணும்னா தர்றோம், பேசின காச முழுசா குடுங்க.

மழை வந்தா?

ஆவணிக்கும் ஐப்பசிக்கும் பக்கத்து ஹால் சொல்லி வச்சிருக்கோம். ஹாலுக்குள்ள சத்தம் தகரக் கூரைல மோதும், நாங்க மெதுவா ஊதுவோம், மழை பலமா அடிச்சா நிறுத்திட்டு டீ குடிப்போம்.

மாசியோட ஏன் நிறுத்தறீங்க? பள்ளிக்கூட லீவு சித்திரைலதான?

மூணு காரணம். பிள்ளைங்களுக்குப் பரீட்சை. வேலை, பூரம்னு கோயில் திருவிழா சீசன் ஆரம்பிச்சா எல்லா மைதானமும் செண்டைக்காரங்களுக்குப் போயிரும், அவங்களோட போட்டி போட யாரால முடியும். மூணாவது முதலமடை மாங்கா, எங்க ட்ராம்போன் வரிசைல ரெண்டு பேரு தோப்புக் குத்தகைக்காரங்க, காய் எறங்க ஆரம்பிச்சா போன எடுக்க மாட்டாங்க. ட்ராம்போன் இல்லாம ஹாண்டல ஊதலாம், ஆனா பாட்டுக்கு அடிவயித்துல ஒண்ணும் இருக்காது.

எப்படி வர்றது?

பொள்ளாச்சி–பாலக்காடு பஸ்ல ஏறினா கொழிஞ்சாம்பாறைல எறங்கிக்கலாம். கோயமுத்தூர்ல இருந்து வேலந்தாவளம் வழியா வாங்க. கார்ல வர்றவங்க மைதானத்துக்குள்ள கொண்டு வராதீங்க, பள்ளிக்கூட காம்பவுண்டு வெளிய நிறுத்துங்க, முன்னாடி நிறுத்தினா டியூபா எறக்கறதுக்கு வழி இருக்காது.